மணிக்கு ஒத்தக் காது

ரெண்டு கருப்பு லாப்ரடாருக்கு மஞ்சள் குட்டி பிறக்குமா?

"சான்ஸே இல்ல, நீ என்னை ஏமாத்தற"ன்னு 2016-ல ஒரு நாய் வியாபாரிகிட்ட சட்டையைப் பிடிக்காத குறையா சண்டை போட்டவன் நான். அப்பனும் கருப்பு, ஆத்தாளும் கருப்பு, குட்டி மட்டும் சந்தனக் கலர்ல இருந்தா யாருக்குத் தான் சந்தேகம் வராது? அந்த மனுசன் பொறுமையா, "சார், இது சகஜம் சார், ரெண்டு மஞ்சளுக்கு கருப்பு பிறந்தா வந்து சண்டை போடுங்க"ன்னாரு. கோவத்தோட குட்டியைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்து, அவர் சொன்னது பொய்னு நிரூபிக்கிறதுக்காகவே படிக்க ஆரம்பிச்சேன். படிச்சு முடிச்சப்ப அசடு வழிஞ்சது நான் தான் :-)

அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு இன்னும் விடலை. நான் ஒண்ணும் டாக்டர் இல்லை, கணக்கு எழுதிப் பொழைக்கிறவன். ஆனா இந்த நாய்க்குட்டி கணக்கு என் வீட்டுக் கணக்கையே புரட்டிப் போட்டுச்சு. அதைத் தான் சொல்ல வர்றேன். கொஞ்சம் நீளமாப் போகும், காபி எடுத்துக்கோங்க.

முதல்ல சீட்டுக் கதை. ஜீன், குரோமோசோம்னு ஆரம்பிச்சா பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிருவீங்க, அதனால நான் சீட்டுன்னு சொல்றேன். நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம். ஜோடின்னா ஒண்ணு அப்பா கொடுத்தது, ஒண்ணு அம்மா கொடுத்தது. ஆக ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒவ்வொரு குட்டி கையிலயும் ரெண்டு சீட்டு இருக்கும். அது வளர்ந்து குட்டி போடும்போது, ரெண்டுல ஏதோ ஒரு சீட்டைக் கண்ணை மூடிட்டு எடுத்துக் கொடுக்கும். எந்தச் சீட்டுன்னு நாயும் முடிவு பண்றதில்லை, நாமளும் பண்றதில்லை.

லாப்ரடார்ல "கருப்பைக் காட்டு"ன்னு ஒரு சீட்டு, "கருப்பைக் காட்டாதே, மஞ்சளா இரு"ன்னு ஒரு சீட்டு. ரெண்டும் ஒரே நாய்கிட்ட இருந்தா முதல் சீட்டு தான் ஜெயிக்கும், நாய் கருப்பா இருக்கும். மஞ்சள் சீட்டு சட்டைப் பைக்குள்ள ஒளிஞ்சு கிடக்கும். இப்படி ஒளிச்சு வச்சிருக்கிற ரெண்டு கருப்பு நாய் சேர்ந்தா, ஒவ்வொரு குட்டிக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு ரெண்டு மஞ்சள் சீட்டும் சேர்ந்து விழ. மஞ்சள் நாய்கிட்ட ஒளிக்க கருப்புச் சீட்டே கிடையாது. அதனால ரெண்டு மஞ்சளுக்குப் பிறக்கிறது எல்லாம் மஞ்சள் தான். வியாபாரி சொன்னது அட்சரம் பிசகாம சரி.

இதை மெண்டல்ங்கற பாதிரியார் பட்டாணிச் செடியை வச்சு 1866-லயே எழுதி வச்சுட்டாரு. ஒருத்தரும் கண்டுக்கலை. அவர் செத்துப் போய் 16 வருசம் கழிச்சு, 1900-ல தான் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. நல்ல விஷயம் சொல்றவனுக்கு எப்பவும் அதே நிலைமை தான்.

ஒண்ணு கவனிக்கணும். நாலுல ஒண்ணுன்னா நாலு குட்டி போட்டா கட்டாயம் ஒண்ணு மஞ்சள்னு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு குட்டிக்கும் தாயத்தைப் புதுசா உருட்டுறாங்க. எட்டும் கருப்பா விழலாம். "நாலு ஈத்து எடுத்தாச்சு, ஒரு குறையும் இல்லை, இந்த ஜோடி சுத்தம்"னு சொல்ற நம்ம ஆளுங்க ஏமாறுறது இங்க தான்.

நிற்க. இப்ப ஊருக்குப் போவோம்.

எனக்கு ராஜபாளையம் பக்கம். ஆமா, அந்த நாய் ஊரு தான். 2005 ஜனவரியில இந்திய தபால்துறை நாலு நாட்டு நாய்க்கு ஸ்டாம்ப் போட்டப்ப, அதுல ராஜபாளையமும் ஒண்ணு. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் ரேடியோவுல ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு பேர் சொன்னதுக்கு அப்புறம் எங்க மாமாவைக் கையில பிடிக்க முடியலை. ஏதோ அவரே போன் போட்டு எழுதிக் கொடுத்த மாதிரி தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு.

மாமான்னா எங்க அம்மாவோட கடைசித் தம்பி. எங்க அக்காவைக் கட்டியவரும் அவர் தான். எங்க பக்கம் அக்கா மகளைக் கட்டுறது புதுசில்லை, தெரியும்ல. சின்ன வயசுல இருந்து நாய் வளர்க்கிறாரு. பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, தேன் கலர் கண்ணு, இந்த மூணும் இருந்தா தான் அவருக்கு அது நாய். ஈத்துல ஒரு கருப்பு, செவலை, வரி போட்ட குட்டி விழுந்துட்டா மூஞ்சி சுருங்கிரும். யாருக்காவது சும்மா கொடுத்து ஒதுக்கிருவாரு.

இன்னொரு வகைக் குட்டியும் இருந்துச்சு. கண் திறந்து, நடக்க ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆனதும் மாமா ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, குட்டிங்களுக்குப் பின்னாடி நின்னு கரண்டியால ஒரு தட்டு தட்டுவாரு. எல்லாம் திடுக்குனு திரும்பும். திரும்பாம விளையாடிட்டே இருக்கிற ஒண்ணை மாமா தூக்கிட்டு கண்மாய்ப் பக்கம் போவாரு. திரும்பி வரும்போது வெறுங்கையோட வருவாரு. எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும். எங்க போச்சுன்னு கேட்டதில்லை. கேக்கக் கூடாதுன்னு எப்படியோ தெரிஞ்சிருந்துச்சு.

அப்புறம் பழி யாருக்குன்னு பார்ப்பாங்க. எப்பவும் பொட்டைக்குத் தான். "இவ வயிறு சரியில்லை", "எப்பவோ தெருநாய் ஒண்ணு சேர்ந்துருச்சு, அந்த அசுத்தம் ஒட்டிக்கிச்சு". ஒரு தடவை வேற நாய் சேர்ந்துட்டா அடுத்தடுத்த ஈத்தெல்லாம் கெட்டுப் போகும்ங்கறது நம்ம ஊர் நம்பிக்கை மட்டும் இல்லை. 1821-ல லண்டன் ராயல் சொசைட்டி இதழ்லயே இப்படி ஒரு குதிரைக் கதை அச்சாகியிருக்கு. வரிக்குதிரை மாதிரி இருக்கிற குவாகாவோட சேர்ந்த பெண் குதிரை, பின்னால வேற குதிரைக்குப் போட்ட குட்டிக்கும் வரி இருந்துச்சாம். டார்வினே இதை நம்பினாரு. 1890-கள்ல ஸ்காட்லாந்துல யூவர்ட்னு ஒரு பேராசிரியர் நிஜமாவே வரிக்குதிரையையும் குதிரைகளையும் வச்சு சேர்த்துப் பார்த்து, அப்படி ஒண்ணும் ஒட்டிக்கிறதில்லைன்னு காட்டினாரு. ஒரு ஈத்துக்கு ரெண்டு அப்பன் இருக்கலாம், அது வேற. ஆனா போன வருச அப்பன் இந்த வருசக் குட்டியில வர மாட்டான். ராஜபாளையத்துக்கு இந்தச் சேதி வர நூறு வருசம் பத்தலை.

சரி, குட்டிக்கு ஏன் காது கேக்கலை? இது லாப்ரடார் கலர் மாதிரி ஒத்தைச் சீட்டு விஷயம் இல்லை, பல சீட்டு சேர்ந்தது. ஆனா காரணம் எங்க இருக்குன்னு தெரியும். மாமா ஆசைப்பட்டுத் தேடுற அந்த வெள்ளையில தான்.

ரோமத்துக்கும் தோலுக்கும் கலர் கொடுக்கிற செல்கள் கரு வளரும்போது முதுகுப் பக்கத்துல இருந்து உடம்பெல்லாம் பரவிப் போகும். முழு வெள்ளை நாய்ல இந்தச் செல்கள் பல இடங்களுக்குப் போய்ச் சேர்றதில்லை. அதே செல்கள் உள்காதுக்குள்ளயும் போயாகணும். அங்க அதுங்க வேலை கலர் கொடுக்கிறது இல்லை. காதுக்கு ரத்தம் ஓட்டுற ஒரு மெல்லிய சவ்வை உசுரோட வச்சிருக்கிறது. அந்தச் செல் இல்லைன்னா குட்டி பிறந்து மூணு நாலு வாரத்துல அந்தச் சவ்வு சுருங்கி, சத்தத்தை வாங்குற நரம்புச் செல்கள் செத்துப் போகும். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. ராஜபாளையத்துக்கு மட்டும் இல்லை, டால்மேஷன், வெள்ளை புல் டெரியர்னு வெள்ளைக்காகவே தேர்ந்தெடுத்த பல இனத்துல இதே கதை தான்.

டால்மேஷன்ல அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான நாய்க்கு டெஸ்ட் பண்ணிப் பார்த்ததுல ஏறக்குறைய 8 சதவீதத்துக்கு ரெண்டு காதும் கேக்கலை. 22 சதவீதத்துக்கு ஒத்தக் காது மட்டும் கேக்கலை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இந்த 22 தான். ஏன்னா ஒத்தக் காது நாய் தட்டுச் சத்தத்துக்கு ஜோரா திரும்பும். யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா சீட்டுக் கொடுக்கிறதுல அதுக்கும் முழுச் செவிடுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தலையில கம்பி ஒட்டி, காதுல சத்தம் கொடுத்து, மூளைத் தண்டுல சிக்னல் வருதான்னு பார்க்கிற டெஸ்ட்.

அந்த டெஸ்ட்டோட படத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சிருச்சு. எங்க வீட்டு ஆளுங்களுக்கு அது பேரு பெரா டெஸ்ட்.

செல்விக்கு ஒன்றரை வயசுல மதுரையில எடுத்தாங்க. நான் தான் தூக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். செல்வி அக்காவோட மூத்த பொண்ணு. 1999-ல பிறந்தா. ரெண்டு காதுலயும் கோடு நேரா போச்சு.

அன்னைக்கு ராத்திரி எங்க அம்மாச்சி, சொந்தப் பேத்தின்னு கூட பார்க்காம, அக்காவைப் பார்த்து "உன் வயித்துல தாண்டி என்னமோ குறை"ன்னு சொன்னாங்க. மாமா பக்கத்துல தான் நின்னாரு. ஒண்ணும் சொல்லலை. ஏதாச்சும் சண்டைன்னா பின்னாடி அவரும் அதே வார்த்தையை எடுத்திருக்காருன்னு அக்கா ஒரே ஒரு தடவை எங்கிட்ட சொல்லியிருக்கு. கார்த்திக் நல்லபடியா பிறந்தப்ப கூட, "பொழச்சோம்"னு தான் சொன்னாங்களே தவிர, சொன்னதை யாரும் வாபஸ் வாங்கலை.

மனுசனையும் நாயையும் ஒண்ணா வச்சுப் பேசுறேன்னு கோச்சுக்காதீங்க. செல்விக்கும் அந்தக் குட்டிகளுக்கும் நோய் ஒண்ணு இல்லை. ஆனா பழி போட்ட விதம் ஒண்ணு தானே?

2023 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமாகிட்ட அப்ப மணின்னு ஒரு ஆண் நாய். சிங்கம் மாதிரி இருப்பான். சுத்துப்பட்டுல எல்லாரும் அவன்கிட்ட தான் பொட்டையைக் கொண்டு வருவாங்க. வீட்டுப் பொட்டை வெள்ளச்சி ஏழு குட்டி போட்டு, ரெண்டு காது கேக்காதது. மாமா வழக்கம் போல ஆரம்பிச்சாரு.

"மாப்ள, இந்த வெள்ளச்சியைத் தள்ளி விட்டுறப் போறேன். மணியை அவன் மகளுக்கே போட்டுரலாம்னு இருக்கேன். போன ஈத்துக் குட்டி ஒண்ணு வச்சிருக்கேன்ல, அவன் உரிச்சு வச்ச மாதிரி இருக்கா. ரத்தம் வெளிய போகாம சுத்தமா நிக்கும்."

"மாமா, மணிக்குக் காது நல்லா கேக்குமா?"

"என்னடா கேள்வி இது. கேட் சத்தத்துக்கு எப்படிப் பாயுறான் பாத்தேல்ல."

அப்ப திண்ணையில உட்கார்ந்து பூ கட்டிட்டு இருந்த செல்வி எங்க வாயையே பார்த்துட்டு இருந்தா. உதட்டசைவை நல்லாப் படிப்பா. எந்திரிச்சு வந்து, தூங்கிட்டு இருந்த மணியைக் காட்டி, தன் இடது காதைத் தொட்டு, கையை இல்லைன்னு ஆட்டினா.

மாமா சிரிச்சாரு. நான் சிரிக்கலை. மணி வலது காது தரையில அழுந்தப் படுத்திருந்தான். நான் தட்டை எடுத்துப் பின்னாடி நின்னு தட்டினேன். அசையலை. இன்னொரு தடவை. அசையலை. கொஞ்ச நேரம் கழிச்சு இடது பக்கமா புரண்டு படுத்தப்ப லேசாத் தான் தட்டினேன், துள்ளி எந்திரிச்சான். அந்த ரெண்டு நாளும் ஏழெட்டு தடவை பார்த்தோம். ஒரு தடவை கூட மாறலை. செல்விக்கு இது வருசக்கணக்கா தெரிஞ்சிருக்கு. அவகிட்ட யாரும் கேக்கலை, அவ்வளவு தான்.

மாமாவுக்கு முகம் செத்துப் போச்சு. மணிக்குப் பிறந்த குட்டி எத்தனை ஊர்ல இருக்குன்னு மனசுக்குள்ள எண்ணியிருப்பாரு. ஒரு நல்ல ஆண் நாய்க்கு எல்லாரும் வரிசையில நிக்கிறதோட ஆபத்தே இது தான். ஒரு பொட்டை ஆயுசுக்கும் சில ஈத்து தான் போட முடியும். ஒரு ஆண் நாய் ஒளிச்சு வச்ச சீட்டை ஊர் பூரா விநியோகம் பண்ணிரும்.

அன்னைக்கு ராத்திரி காலண்டர் தாளைக் கிழிச்சு, சீட்டு எழுதி, தரையில பரப்பி விளக்கம் சொன்னேன். அப்பனை மகளுக்குப் போட்டா குட்டிகிட்ட இருக்கிற ஜோடிச் சீட்டுல நூத்துக்கு 25 ஒரே சீட்டோட நகலா இருக்கும். அண்ணன் தங்கச்சிக்குப் போட்டாலும் 25. அப்பன் மட்டும் ஒண்ணா இருக்கிற குட்டிங்களைச் சேர்த்தா பன்னெண்டரை. சுத்த ரத்தம்னு நாம சொல்றது இதைத் தான். அழகும் ரெட்டிப்பாகும், ஒளிஞ்சு கிடக்கிற குறையும் ரெட்டிப்பாகும்.

"வெளி ரத்தம் கலந்தா இனம் போயிரும் மாப்ள."

அதுக்கும் டால்மேஷன் கதை வச்சிருந்தேன். அந்த இனத்துக்கே சிறுநீர்ல யூரிக் அமிலம் அதிகம், கல்லு அடைக்கும். சரி பண்ணலாம்னு பார்த்தா, இனத்துக்குள்ள நல்ல சீட்டே மிச்சம் இல்லை. 1973-ல ராபர்ட் ஷைபிள்னு அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு டால்மேஷனை ஒரே ஒரு தடவை பாயின்டர் நாயோட சேர்த்தாரு. அப்புறம் தலைமுறை தலைமுறையா டால்மேஷனோடவே சேர்த்து, அந்த நல்ல சீட்டு இருக்கிற குட்டியை மட்டும் தேர்ந்தெடுத்தாரு. முதல் தலைமுறையில பாதி பாயின்டர், அடுத்து கால், அரைக்கால்... பத்தாவதுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்லை. பார்த்தா அசல் டால்மேஷன். ஆனாலும் சங்கத்துக்காரங்க வருசக்கணக்கா ஏத்துக்கலை. 2011-ல தான் அமெரிக்கன் கென்னல் கிளப் பதிவுல சேர்த்துச்சு. 38 வருசம்!

நமக்கு அவ்வளவு தூரம் கூட வேண்டாம் மாமா, ஒதுக்குறீங்களே அந்தக் கலர்க் குட்டி, அதை வச்சிருந்தாலே போதும்னேன். டால்மேஷன்லயும் பிறக்கும்போதே பெரிய கருப்புத் திட்டு இருக்கிற குட்டிக்கு காது பிரச்சினை குறைவு, நீலக் கண்ணுக்கு அதிகம்.

மாமா ரொம்ப நேரம் தரையில கிடந்த சீட்டுங்களையே பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம் தலையைத் தூக்காம கேட்டாரு.

"மாப்ள, அக்கா மகளுக்கு எத்தனை?"

நான் எதிர்பார்த்த கேள்வி தான். இருந்தாலும் நாக்கு புரளலை. "பன்னெண்டரை மாமா."

அடுப்படியில பாத்திரச் சத்தம் நின்னு போச்சு.

சொல்லிட்டேன். பிறவியிலேயே காது கேக்காததுல பாதிக்கு மேல ஜீன் காரணம், அதுலயும் பெரும்பகுதி இப்படி ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒளிஞ்சு வர்ற வகை. செல்விக்கும் அது தான்னு டெஸ்ட் எடுக்காம அடிச்சுச் சொல்ல முடியாது. அம்மை, மஞ்சக்காமாலைன்னு வேற காரணமும் உண்டு. ஆனா அதுவா இருந்தா, ஒரு சீட்டு அக்கா கொடுத்தது, ஒரு சீட்டு நீங்க கொடுத்தது. ஒருத்தர் மட்டும் கொடுத்திருந்தா அவளுக்குக் காது கேட்டிருக்கும்.

இதைச் சொல்ல எனக்கு இன்னொரு சுயநலமும் இருந்துச்சு, மறைக்கலை. கார்த்திக்குக்கு என் பொண்ணைக் கேக்கணும்னு வீட்டுல ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு. முறைப்பொண்ணு ஆச்சே. நல்ல பையன், குறை சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா கணக்கு எழுதுறவனுக்குக் கை சும்மா இருக்குமா? செல்விக்கு வந்தது அந்த வகைன்னா, காது கேக்கிற கார்த்திக்கிட்ட சீட்டு ஒளிஞ்சிருக்க மூணுல ரெண்டு வாய்ப்பு. எங்கிட்ட இருக்க பாதி, என் பொண்ணுகிட்ட கால். ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா குழந்தைக்கு நாலுல ஒண்ணு. எல்லாத்தையும் பெருக்கினா 24-ல ஒண்ணு. பொதுவா ஆயிரம் குழந்தைக்கு ஒண்ணு ரெண்டு தான். ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துட்டா இந்த 24 காணாமலும் போகலாம், கூடவும் செய்யலாம். எடுக்காம பாக்கு வெத்தலை மாத்த மாட்டேன்னு முடிவு பண்ணியிருந்தேன். அதை மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தான் ரெண்டு வருசமா தெரியாம இருந்தேன்.

மாமா ஒண்ணும் பேசலை. சீட்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில போட்டுட்டு வெளிய போயிட்டாரு. மறுநாள் பஸ் ஏறும்போது கூட அதைப் பத்திப் பேசலை. வெள்ளச்சி மட்டும் அதே இடத்துல கட்டியிருந்துச்சு. காது கேக்காத குட்டி ரெண்டுல ஒண்ணு செல்வி மடியில இருந்துச்சு. விரலைச் சொடுக்காம, கையைக் காட்டியே அதை உட்கார வைக்கப் பழக்கிட்டு இருந்தா.

மூணு வாரம் கழிச்சு அக்கா போன் பண்ணுச்சு. மழை, நெல்லு, கார்த்திக் வேலைன்னு எல்லாம் பேசிட்டுக் கடைசியா,

"ஏம்ப்பா, அந்த ரத்த டெஸ்டு சென்னையில எங்க எடுக்கணும்னு உங்க மாமா கேக்கச் சொன்னாரு. முதல்ல செல்விக்கு. அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும்."

"சரிக்கா, விசாரிச்சு சொல்றேன்."

"ரெண்டு பேருக்கும்னு அவர் தான் சொன்னாருப்பா. நான் சொல்லலை. அவரா தான் சொன்னாரு, ரெண்டு பேருக்கும்னு."

வச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கால் பக்கத்துல சந்தனக் கலர்ல ஒருத்தன் குறட்டை விட்டுட்டு இருந்தான்.